டாரண்ட் பாதியில் நிற்பது ஏன்? காம்காஸ்ட் வழக்கின் வழியே ஓர் எளிய விளக்கம்

இணையத்தில் ஒரு கோப்பைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேராக இறக்கிக்கொள்வது முதல் வழி. நாம் அன்றாடம் செய்வது பெரும்பாலும் இதுதான். அந்தக் கோப்பை ஏற்கெனவே வைத்திருக்கும் மற்றப் பயனர்களின் கணினிகளிலிருந்து துண்டு துண்டாகப் பெற்றுக்கொண்டு, பெற்ற துண்டுகளை அப்போதே பிறருக்கும் கொடுப்பது இரண்டாவது வழி. இதைத்தான் பியர் டு பியர் பகிர்வு என்கிறார்கள். அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட பிட்டாரண்ட், சுருக்கமாக டாரண்ட், இவ்வகையில் மிகப் பரவலானது. அதில் ஒரு கோப்பு பல நூறு அல்லது பல ஆயிரம் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புக் குறியீடு இருப்பதால், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த துண்டும் அசல்தானா என்பதைக் கணினி தானே சோதித்துக்கொள்ளும்.

சர்வர் முறையில் கூட்டம் கூடினால் வேகம் குறையும். டாரண்டில் கேட்பவர் ஒவ்வொருவரும் கொடுப்பவராகவும் இருப்பதால், கூட்டம் கூடக் கூட வேகமும் கூடும். அதனால்தான் உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளைத் தருபவர்கள் இன்றும் டாரண்ட் இணைப்பையும் சேர்த்தே தருகிறார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை நடத்தும் பிளிசார்டு நிறுவனமும் ஒரு காலத்தில் தன் புதுப்பிப்புகளை இதே முறையில்தான் அனுப்பிவந்தது. திருட்டுத்தனமாக நகலெடுத்த படங்களும் பாடல்களும் இதே வழியில் ஏராளமாகப் போயின, போகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கே பேசப்போகும் சிக்கலுக்கும், அதாவது அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட் டாரண்ட் இணைப்புகளை மறைமுகமாக முறித்ததற்கும், காப்புரிமைக்கும் உள்ள தொடர்பு பலர் நினைப்பதைவிடக் குறைவு. சேவை நிறுவனங்களுக்குத் தலைவலியாக இருந்தது, தரவு போகும் திசை.

கேபிள் கம்பியின் ஒடுங்கிய பாதை

அமெரிக்காவின் கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல்கள் ஒருவழிப் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்டவை. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் படம் வரும்; வீட்டிலிருந்து திரும்பிப் போவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பின்னாளில் அதே கம்பியில் இணையத்தை ஏற்றியபோது, வீட்டிலிருந்து வெளியே செல்லும் தரவுக்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒடுங்கிய பட்டை மட்டுமே கிடைத்தது. 54 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பல நூறு மெகாஹெர்ட்ஸும் வீட்டை நோக்கி வரும் போக்குவரத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, இந்த அப்லோடு பாதை வீட்டுக்கு வீடு தனியானதன்று. ஒரே பகுதியிலுள்ள பல வீடுகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கேபிள் வழி இணையத்துக்கு அந்தக் காலத்தில் பயன்பாட்டிலிருந்த டாக்சிஸ் 1.1 என்ற தொழில்நுட்பத் தரத்தில், அப்படிப் பங்கிடப்படும் ஓர் அப்லோடு தடத்தின் மொத்தக் கொள்ளளவே நொடிக்குச் சுமார் 10 மெகாபிட்தான்.

வலைப்பக்கம் படிக்கும் ஒருவர் இந்தப் பாதையைத் தொட்டும் தொடாமலும் பயன்படுத்துகிறார். ஒரு பக்கத்தைக் கேட்பதற்குச் சில நூறு பைட்டுகள் வெளியே போகும், பக்கம் வந்துசேரும், அவர் படித்து முடிக்கும்வரை கம்பி சும்மா இருக்கும். டாரண்டில் சீடிங் செய்பவரின், அதாவது முழுக் கோப்பையும் பெற்றபின் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவரின் கணினியோ, அவர் உறங்கும்போதும் வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நெரிசல் வரும்போது டிசிபி எனப்படும் அடிப்படை நெறிமுறை (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளின் தொகுப்பு) பாதையை ஏறத்தாழச் சமமாகப் பங்கிடுகிறது. ஆனால் அது பங்கிடுவது இணைப்புகளுக்கு இடையே, ஆட்களுக்கு இடையே அன்று. எனவே ஒரே ஓர் இணைப்பை வைத்துக்கொண்டு மின்னஞ்சலில் படம் அனுப்பும் அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு கிடைக்கும்போது, நாற்பது இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும் டாரண்ட் செயலிக்கு நாற்பது பங்குகள் கிடைத்துவிடும்.

தெருக்குழாயில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் மோட்டார் பொருத்தி இழுத்தால் அடுத்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். நிறுவனங்கள் முன்வைத்த வாதமும் ஏறக்குறைய இதுவே. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குழாயில் மோட்டார் வைப்பது விதிமீறல். இணையச் சந்தாதாரரோ தமக்கு விற்கப்பட்ட வேகத்தை, விற்றவர் சொன்ன அளவுக்குள்தான் பயன்படுத்துகிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கில் கொள்ளளவுக்கு மேல் விற்பது இத்தொழிலின் வழக்கம். அதில் தவறு காண முடியாது, அந்தக் கணக்கு பொய்த்துப்போகும் நாளில் பழியை வாடிக்கையாளர்மீது போடாதவரை.

தடுக்கும் வழிகள்

மிக எளிய வழி, எண் பார்த்து அடைப்பது. பிட்டாரண்ட் செயலிகள் தொடக்கத்தில் 6881 முதல் 6889 வரையிலான போர்ட்டுகளையே, அதாவது கணினியின் எண்ணிட்ட வாயில்களையே பயன்படுத்தின. அவற்றை அடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். செயலிகள் வேறு எண்களுக்கு மாறியவுடன் அந்த வழி பயனற்றுப்போயிற்று. அடுத்து வந்தது டிபிஐ, அதாவது பாக்கெட்டின் (இணையத்தில் தரவு பிரித்து அனுப்பப்படும் சிறு பொட்டலத்தின்) முகவரியை மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையும் திறந்து பார்த்து, அது எந்த நெறிமுறையின் பேச்சு என்று கண்டுபிடிப்பது. பிட்டாரண்ட் இணைப்பின் தொடக்கத்தில் எப்போதும் ஒரே மாதிரியான வாழ்த்து வரி வருமாதலால், அதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. செயலிகள் 2006 வாக்கில் அந்த வரியையும் மறையாக்கம் செய்யத் தொடங்கின. அதற்குப் பதிலடியாக, உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் போக்குவரத்தின் நடையை வைத்தே ஊகிக்கும் கருவிகள் வந்தன. இப்படித் துரத்தலும் ஓட்டமும் நீண்டன.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. வரிசையில் பின்னால் நிறுத்தலாம், வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளக்கலாம், பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கலாம். இவை யாவும் நிறுவனம் தன் சொந்தக் கம்பியில், தன் பெயரில் செய்பவை. அப்போது அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமாக இருந்த காம்காஸ்ட் தேர்ந்தெடுத்த வழி இவற்றில் எதுவும் அன்று.

ஆர்எஸ்டி என்ற பாக்கெட்

இரண்டு கணினிகள் டிசிபி வழியே பேசும்போது, அவை அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. இன்ன எண் வரை வந்துசேர்ந்தது என்று ஒன்றுக்கொன்று ஒப்புகை சொல்லிக்கொண்டே உரையாடல் நகரும். வேலை முடிந்ததும் இருதரப்பும் முறைப்படி விடைபெற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு பக்கத்தில் ஏதேனும் கோளாறு ஏற்பட்டுவிட்டால், எடுத்துக்காட்டாகக் கணினி அணைந்து மீண்டும் எழுந்து, நடந்துகொண்டிருந்த உரையாடலே நினைவில் இல்லாமற்போனால், அது ஆர்எஸ்டி (ரீசெட்) என்ற கொடி, அதாவது அடையாளக் குறி, உயர்த்தப்பட்ட ஒரு பாக்கெட்டை அனுப்பும். அதைப் பெற்ற கணினி, மறுப்பேதும் சொல்லாமல், அந்த இணைப்பை அக்கணமே கைவிட வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டிலிருந்தே உள்ள விதி. ஆர்எஸ்டி உண்மையிலேயே மறுமுனையிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்க டிசிபியிடம் இருப்பது வரிசை எண் பொருந்துகிறதா என்ற ஒரே சோதனைதான். வெளியாள் ஒருவர் அந்த எண்ணை ஊகிப்பது அரிது. ஆனால் இருவருக்கும் நடுவே அமர்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் சேவை நிறுவனத்துக்கு ஊகமே தேவையில்லை; எண் கண்முன்னே போகிறது.

காம்காஸ்ட் தன் வலைப்பின்னலில், கனடாவின் சாண்ட்வைன் நிறுவனம் தயாரித்த கருவிகளைப் பொருத்தியிருந்தது. முழுக் கோப்பையும் பெற்றுவிட்டு இனி அனுப்ப மட்டுமே செய்யும் இணைப்பு, அதாவது சீடிங், தென்பட்டால் அந்தக் கருவி இரண்டு ஆர்எஸ்டி பாக்கெட்டுகளைத் தயாரிக்கும். ஒன்றில் அனுப்புநர் முகவரியாக வெளியூரில் இருப்பவரின் முகவரியை எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பும். மற்றொன்றில் வாடிக்கையாளரின் முகவரியை எழுதி வெளியூர்க்காரருக்கு அனுப்பும். இரு கணினிகளும் எதிர்த்தரப்புதான் இணைப்பை முறித்துக்கொண்டது என்று நம்பும். இரு திரைகளிலும் அதையே தெரிவிக்கும் பிழைச் செய்தி வரும். உண்மையில் எந்தத் தரப்பும் எதையும் முறிக்கவில்லை.

இதன் தொழில்நுட்பச் சாமர்த்தியம் ஒருபுறமிருக்க, இது ஏன் வேகத்தைக் குறைப்பதிலிருந்து வேறுபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பாக்கெட்டைத் தாமதப்படுத்தும் நிறுவனம் ஒரு சேவையைக் குறைக்கிறது. அதைப் பற்றி முறையிடலாம், பேரம் பேசலாம், வேறு நிறுவனத்துக்குப் போகலாம். பிறர் பெயரில் பாக்கெட் எழுதும் நிறுவனமோ, யாரிடம் முறையிட வேண்டும் என்பதையே வாடிக்கையாளர் அறியாதபடி செய்துவிடுகிறது. சீனாவின் இணையத் தணிக்கை அமைப்பு இதே உத்தியைப் பயன்படுத்துவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதற்குச் சற்று முன்பு, 2006இல்தான் விளக்கி எழுதியிருந்தார்கள்.

வெளிவந்த விதம்

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த ராப் டோபோல்ஸ்கி. வலைப்பின்னல் நெறிமுறைகளில் தேர்ந்தவரான அவருக்கு, நால்வர் சேர்ந்து பக்கவாத்தியமின்றிப் பாடும் பார்பர்ஷாப் என்ற பழைய அமெரிக்கப் பாட்டு வகையில் ஈடுபாடு உண்டு. காப்புரிமைக் காலம் கடந்துபோன அத்தகைய பாடல்களின் பழைய பதிவுகளைப் பிறருடன் பகிர முயன்றபோது, தம் கணினியிலிருந்து எதுவும் வெளியே போகாததைக் கவனித்தார். கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்ததில், யாரும் அனுப்பாத ஆர்எஸ்டிகள் அகப்பட்டன. 2007 மே மாதம் தம் கண்டுபிடிப்பை அவர் பொதுவில் எழுதினார். திருட்டுக்காகவே டாரண்ட் என்று பேசிவந்தவர்களுக்கு, முதல் சாட்சியாகக் கிடைத்தவர் நூறாண்டுப் பழம்பாட்டு ரசிகராக இருந்தது சங்கடந்தான்.

அக்டோபர் 19 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் சொந்தச் சோதனையை வெளியிட்டது. சட்டச் சிக்கல் ஏதும் எழக்கூடாதென்று அது தேர்ந்தெடுத்த கோப்பு, கிங் ஜேம்ஸ் பைபிள். காம்காஸ்ட் இணைப்புள்ள கணினியிலிருந்து அந்தப் பைபிளை அனுப்பச் செய்த மூன்று முயற்சிகளில் இரண்டு தடுக்கப்பட்டன. மூன்றாவது பத்து நிமிடத் தாமதத்துக்குப் பின்னரே தொடங்கியது. மின்னணு உரிமைகளுக்காகச் செயல்படும் இஎஃப்எஃப் அமைப்பும் தனியாகச் சோதித்து இதையே உறுதிசெய்தது. தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறோம் என்பது நிறுவனத்தின் விடையாக இருந்தது. முறித்த இணைப்பைச் செயலி பிற்பாடு மீண்டும் முயலும் என்பதால் அந்தச் சொல்லுக்கு ஏதோ ஒரு பொருள் இருக்கலாம். வாடிக்கையாளர் விளங்கிக்கொள்ளும் பொருள் அதுவன்று.

நவம்பரில் ஃப்ரீ பிரஸ், பப்ளிக் நாலெட்ஜ் ஆகிய அமைப்புகள், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியிடம் முறையிட்டன. 2008 பிப்ரவரி 25 அன்று ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் ஆணையம் நடத்திய பொது விசாரணையில் இருக்கைகளைப் பிடித்து வைக்கக் காம்காஸ்ட் ஆட்களுக்குப் பணம் கொடுத்திருந்தது அம்பலமாகி, விசாரணையைவிடப் பெரிய செய்தியாயிற்று. ஆகஸ்ட் 1 அன்று ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் நிறுவனத்துக்கு எதிராக முடிவெடுத்தது. நெரிசலைச் சமாளிக்கவே இப்படிச் செய்தோம் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. நெரிசல் இல்லாத இரவு நேரங்களிலும் இணைப்புகள் முறிக்கப்பட்டிருந்தன. கம்பியை உண்மையிலேயே அடைத்துக்கொண்டிருந்த வேறு போக்குவரத்து தொடப்படவே இல்லை. அபராதம் எதுவும் விதிக்கப்படவில்லை; ஆண்டு முடிவதற்குள் இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும், மாற்றாக என்ன செய்யப்போகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் உத்தரவானது.

மாற்று முறை

2018 வரை பயன்பாட்டில் இருந்த அந்த மாற்று முறை எப்படி இயங்கியது என்பதை நிறுவனத்தின் பொறியாளர்களே பின்னர் ஆர்எஃப்சி 6057 என்ற பொது ஆவணமாக, 2010 டிசம்பரில் வெளியிட்டார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் படிக்கத் தகுந்த பகுதி இதுதான் என்பேன். முதலில், ஒரு பகுதியின் வீடுகள் பகிர்ந்துகொள்ளும் தடம் நெரிசலை நெருங்குகிறதா என்று பார்த்தார்கள்: 15 நிமிடச் சராசரியில் அப்லோடு தடம் 70 விழுக்காட்டுக்கு மேலோ, டவுன்லோடு தடம் 80 விழுக்காட்டுக்கு மேலோ நிறைந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் மட்டும் அடுத்த கேள்வி எழுந்தது: அதே 15 நிமிடங்களில் தமக்கு விற்கப்பட்ட வேகத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தியவர் யார்? அவருடைய பாக்கெட்டுகளுக்குத் தற்காலிகமாக முன்னுரிமை குறைக்கப்பட்டது. தடத்தில் இடமிருந்தால் அவை வழக்கம்போலப் போயின. இடமில்லாதபோது மற்றவர்களுக்குப் பின்னால் நின்றன. அவருடைய பயன்பாடு 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் பழைய நிலை திரும்பியது.

இதில் டாரண்ட் என்ற சொல்லே இல்லை. பாக்கெட்டைத் திறந்து பார்ப்பதும் இல்லை. யார், எப்போது, எவ்வளவு என்ற மூன்றை மட்டுமே அது பார்த்தது. பங்கீடு ஆட்களுக்கு இடையே நடக்க வேண்டும், இணைப்புகளுக்கு இடையே அன்று என்ற அடிப்படைக் குறை நேரடியாகவே தீர்க்கப்பட்டது. நேர்மையான வழி இருந்தது, அதைச் சில மாதங்களில் செய்தும் முடிக்க முடிந்தது என்பதே, போலிப் பாக்கெட்டுகளுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களைப் பலவீனப்படுத்துகிறது.

அதே சமயம், 2008 அக்டோபர் 1 முதல் மாதம் 250 ஜிபி என்ற உச்சவரம்பையும் காம்காஸ்ட் அறிவித்தது. வெளிப்படையானது என்ற அளவில் அது மேலானது. நெரிசலுக்கு மருந்து என்ற அளவில் மழுங்கலானது. ஊரே உறங்கும் அதிகாலை மூன்று மணிக்கு அனுப்பிய ஒரு ஜிபியும், எல்லோரும் கம்பியில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு அனுப்பிய ஒரு ஜிபியும் அந்தக் கணக்கில் ஒன்றே.

டாரண்ட் செயலிகளும் சும்மா இருக்கவில்லை. 2010 முதல் மியூடாரண்ட் செயலியில் இயல்பாகவே இயங்கத் தொடங்கிய மியூடிபி என்ற முறையில், பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் நேரம் சுமார் 100 மில்லிநொடியைத் தாண்டுவது தெரிந்தால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதை காலியாக இருக்கும்போது மட்டும் நிறைத்துக்கொண்டு, பிறர் வந்ததும் ஒதுங்குவது அதன் நோக்கம்.

சட்டத்தின் கதை வேறு திசையில் போயிற்று. ஆணையத்தின் உத்தரவைக் கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 ஏப்ரல் 6 அன்று ரத்துசெய்தது. காம்காஸ்ட் செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இத்தகைய உத்தரவைப் பிறப்பிக்க நாடாளுமன்றம் ஆணையத்துக்கு அதிகாரம் வழங்கியதாகக் காட்ட முடியவில்லை என்றுதான் சொன்னது. அதன்பின் ஆணையம் 2010, 2015, 2024 ஆகிய ஆண்டுகளில் விதிகளைக் கொண்டுவருவதும், 2014இலும் 2025 ஜனவரியிலும் நீதிமன்றங்கள் அடித்துவீழ்த்துவதும், 2017இல் ஆணையமே திரும்பப் பெறுவதுமாக அந்த வழக்காடல் நீண்டது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கைக் காம்காஸ்ட் 1.6 கோடி டாலரில் தீர்த்துக்கொண்டது. ஆளுக்கு அதிகபட்சம் 16 டாலர்.

மற்ற நாடுகளில்

கனடாவில் பெல் நிறுவனம் பியர் டு பியர் போக்குவரத்தைப் போலிப் பாக்கெட் இல்லாமல், நெரிசல் நேரங்களில் மெதுவாக்கியது. தன் கம்பியை மொத்தமாக வாடகைக்கு எடுத்துச் சேவை விற்ற சிறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களையும் அது சேர்த்தே மெதுவாக்கியதுதான் அங்கே பூசலுக்குக் காரணம். அந்நாட்டின் ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி 2009 அக்டோபரில் வகுத்த நெறிகள் இத்தகைய மெதுவாக்கலை முற்றிலும் தடைசெய்யவில்லை. முன்கூட்டியே வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும், முடிந்தவரை கட்டண முறை போன்ற பொருளாதார வழிகளையே முதலில் நாட வேண்டும் என்றன.

இந்தியாவில் பெரிய சர்ச்சை வேறு வகையில் எழுந்தது. 2012இல் ஒரு தமிழ்ப்படத்தின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடை உத்தரவைக் காட்டி, சேவை நிறுவனங்கள் பல டாரண்ட் தளங்களையும் காணொளித் தளங்களையும் முழுமையாக மூடின. குறிப்பிட்ட படத்தின் நகல் இருக்கும் பக்க முகவரிகளுக்கு மட்டுமே உத்தரவு பொருந்தும் என்று அவ்வாண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. தளத்தை மூடுவதும் நெறிமுறையைத் தடுப்பதும் ஒன்றல்ல. தளம் மூடப்பட்டால் புதிய டாரண்டைத் தேடுவது கடினமாகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டாரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2018 ஜூலையில் மைய அரசு ஏற்ற இணையச் சமநிலை விதிகள், உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாகுபடுத்துவதைத் தடுக்கின்றன. நியாயமான போக்குவரத்து மேலாண்மையை அனுமதிக்கின்றன.

உங்கள் டாரண்ட் நின்றால்

டாரண்ட் மெதுவாக ஓடினாலே சேவை நிறுவனத்தின் சதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல நேரங்களில் காரணம் எளியது: சீடிங் செய்பவர்களே இல்லாத பழைய டாரண்டாக இருக்கும், அல்லது அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்காததால் நம் செயலியே பாதையை அடைத்துக்கொண்டு, ஒப்புகைப் பாக்கெட்டுகள் வெளியே போக முடியாமல் டவுன்லோடும் சேர்ந்து படுத்திருக்கும். அப்லோடு வரம்பை மொத்த வேகத்தில் எண்பது விழுக்காடு அளவுக்கு வைத்துப் பார்ப்பது முதல் சோதனை. இந்தியாவில் பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன; அத்தகைய இணைப்பில் வெளியிலிருந்து யாரும் நம் கணினியைத் தாமாக அணுக முடியாது என்பதால் சீடிங் தானாகவே நொண்டும். அது தடையன்று, முகவரிப் பற்றாக்குறையின் விளைவு.

உண்மையிலேயே நடுவில் யாரேனும் கைவைக்கிறார்களா என்று அறிய, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2008இல் உருவாக்கிய கிளாஸ்நோஸ்ட் என்ற சோதனையின் தருக்கம் இன்றும் பொருந்தும்: ஒரே அளவுள்ள தரவை ஒரு முறை பிட்டாரண்ட் உருவிலும், இன்னொரு முறை பொருளற்ற பைட்டுகளாகவும் அனுப்பி, முதலாவது மட்டும் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறதா என்று பார்ப்பது. முறிந்த இணைப்புகளைப் பொறுத்தவரை, வெளியூரில் இருக்கும் நண்பர் ஒருவரின் உதவியோடு இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் வயர்ஷார்க் என்ற, பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் செயலியைக் கொண்டு பதிவுசெய்ய வேண்டும். நம் பதிவில் வந்திருக்கும் ஆர்எஸ்டி அவருடைய பதிவில் புறப்பட்டிருக்காவிட்டால், அது வழியில் எங்கோ முளைத்தது. அப்போதும் வீட்டு ரூட்டரையும் ஃபயர்வாலையும் விலக்கிவிட்டு, கணினியை மோடத்தில் நேராக இணைத்து மறுபடி ஒருமுறை பதிவுசெய்த பிறகே சேவை நிறுவனத்திடம் கேள்வி கேட்பது முறை. ஏனெனில் மலிவான ரூட்டர்களும் தாங்க முடியாத அளவுக்கு இணைப்புகள் திறக்கப்படும்போது சிலவற்றைத் தாமே முறித்துவிடுகின்றன.